மரியன் டோல் மீது நான் சுமத்திய குற்றம்

2025 யூன் 3, செவ்வாய்

இந்தக் கொப்பியில் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதமாட்டேன். நடந்தது நடந்தபடி. என் மதிப்பைக் குறைக்கிற விசயமானாலும் எழுதுவேன். அப்படி ஒன்றும் வரப்போவதில்லை.

அடுத்த வெள்ளி பேச்சுத் தெரிவு: ‘நான் விரும்பும் அயல்நாட்டு எழுத்தாளர்.’ வலயப் போட்டிக்கு ஒருவரைத்தான் கேதீஸ்வரி டீச்சர் அனுப்புவா. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. பிறகு டீச்சர் மேடை ஏற விடமாட்டா. எனக்கு இதுதான் கடைசி.

நான் எடுத்தது விக்டர் ஹாலக். அமெரிக்கர், குற்ற நாவல்காரர். அவருடைய சார்ஜன்ட் சாவு வீட்டுக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார். அமெரிக்காவில் வேறு எந்தப் பொலிஸ்காரன் அப்படிச் செய்வான்?

கம்சாயினி எடுத்தது மரியன் டோல். விண்கலக் கதைகள். பாட நேரத்தில் நகப்பூச்சைச் சுரண்டுகிறவளுக்கு அது போதும்.

யூன் 5, வியாழன்

டோல் எவ்வளவு மட்டம் என்று பார்க்க ஒரு நாவலை நூலகத்தில் எடுத்தேன். வாவிக்காற்றுக்கு உக்கிப்போகிறது என்று, நூலகர் அழகரத்தினம் அண்ணன் ஆங்கிலப் புத்தகங்களின் அட்டைகளை வெட்டி எறிந்துவிட்டு, தடித்த மட்டை கட்டி, முதுகில் பெயரை மையால் எழுதிவிடுவார். படமும் இல்லை, பின்னட்டைப் புகழ்ச்சியும் இல்லை. நல்லதுதான். எனக்கு எழுத்து மட்டும் போதும்.

பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிணங்கள் கிடக்கும் கலத்துக்குள் நுழையுமுன் கப்டன் சப்பாத்தைக் கழற்றுகிறான். பொய் சொல்கிறவன் உப்புப் போத்தலைத் தொடுகிறான் — அது ஹாலக்கின் இரண்டாவது நாவலில் வருவது.

திருடி.

யூன் 7, சனி

அம்மாவிடம் சொன்னேன். “போனில தட்டிப் பாரன் மகள், ரெண்டு பேரப் பத்தியும் வந்திரும்தானே” என்றா.

போனில் தட்டுகிறவர்கள் வாசகர்கள் அல்லர். நானே கண்ணால் பிடித்த களவுக்கு எவனோ எழுதிய பக்கம் எதற்கு?

யூன் 9, திங்கள்

வசனங்களின் நீளம்கூட ஒன்று. வெட்கம் கெட்டவள்.

கம்சாயினி கேட்டாள்: “நீயும் டோல் வாசிக்கிறியாம். நல்லாயிரிக்கா கா?”

“உனக்கு நல்லாத்தான் இரிக்கும்.”

யூன் 12, வியாழன்

நாளை. இரக்கம் காட்டுவதாக இல்லை.

யூன் 13, வெள்ளி

நான்தான் முதலில் பேசினேன். ஹாலக்கைத் தூக்கி வைத்தேன். டோலை, அடுத்தவன் விளைத்த வயல் வட்டையில் கதிர் அறுத்தவள் என்றேன். நல்ல கைதட்டு.

மறுகா கம்சாயினி ஏறினாள். கையில் கனடாவிலிருந்து சின்னம்மா அனுப்பிய டோல் புத்தகம், அட்டையோடு. பின்பக்கத்தில் ஒரு வயதான மனுசி சிரிக்கிறா.

“மரியன் டோல் முதலில் குற்ற நாவல்கள்தான் எழுதினார். பெண் எழுதிய பொலிஸ் கதையை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் அவருக்கு விக்டர் ஹாலக் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் அலுத்த பிறகு, சொந்தப் பெயரில் விண்வெளிக்குப் போனார்.”

என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்துச் சிரித்திருக்கலாம். அதைச் சபை செய்தது.

“தன்ட வீட்டிலயே களவெடுத்தவவப் பிடிச்சிட்டியே, பூரணி” என்றா டீச்சர்.

அட்டை இல்லாததால் வந்த பிழை என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். ஆம்பிளை எழுதினது அசல், பொம்பிளை எழுதினது களவு — ஒரு நிமிசமாவது மாத்தி யோசிச்சனா? ஹாலக் அவவிட்ட எடுத்திருப்பாரோ எண்டுகூடத் தோணல்லயே. அந்தப் பதிப்பாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

யூன் 14, சனி

கம்சாயினிதான் போகிறாள். நகப்பூச்சோடு.

யூன் 17, செவ்வாய்

நூலகத்தில் கம்சாயினி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“ஹாலக் பேரில எழுதின ஒண்டையும் நான் வாசிக்கல்லகா. வலயத்தில கேள்வி கேட்டா நான் முடிஞ்சன்.”

“பின்னட்டையில இல்லையா?”

“நாலு வரிதான் இரிக்கு. நீ எல்லாத்தையும் வாசிச்சவள்தானே.”

எழும்பிப் போயிருக்கலாம். இவளுக்கு முதல் நாவல் எது, கடைசி நாவல் எது என்றுகூடத் தெரியாது. இப்படியே போனால் டோலின் பாதி வாழ்க்கையை விழுங்கிவிட்டு வருவாள்.

குற்ற நாவல்களை அலுமாரியிலிருந்து இறக்கி, எழுதப்பட்ட ஒழுங்கில் மேசையில் அடுக்கினேன்.

“கொப்பிய எடு. குறுக்க பேசாத.”

பேசினாள். பேசிக்கொண்டே எழுதினாள். மூன்றாவது நாவலில் கொலைகாரியை டோல் ஏன் தப்பவிட்டா என்று நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, அழகரத்தினம் அண்ணன் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் மேசை விளக்கைக் கடைசியாக அணைத்தார்.