முழங்காலுக்கு ஒன்றுமில்லை

ராக்ஹாம்ப்டன்,
மார்ச் 4

அன்புள்ள அப்பா,

நலம். விடுதித் தொலைபேசி நடைவழியில் இருக்கிறது. பேசினால் எல்லோர் காதிலும் விழும். அதனால் கடிதம்.

விளையாட்டு வகுப்பில் ஹாடக் சார் இரண்டு பேரைத் தலைவிகளாக்கி ஆள் எடுக்கச் சொல்கிறார். நெட்பால், கூடைப்பந்து மாதிரி. கடைசியில் மிஞ்சுவது நானும் பிப்பாவும்தான். எப்போதும் தலைவியாகும் ஜோர்ஜா, என்னைப் பார்த்ததும் நம் மாட்டுப் பண்ணையைக் கேலி செய்து, "மந்தை வருது, கேட்டைச் சாத்துங்கடி" என்பாள். மற்றவர்கள் மாடு போலக் கத்துவார்கள். சாரும் சிரிப்பார். நேற்று என் பாவாடையை ஷவருக்கு அடியில் போட்டுவிட்டார்கள். ஈரத்தோடு கணக்கு வகுப்பு.

என்ன செய்யட்டும்?

உங்கள் டெல்லா

பண்ணை,
மார்ச் 11

செல்ல மகளே,

மழை இல்லை. பம்பு மறுபடி நின்றுவிட்டது. நாய் இப்போது உன் கட்டிலில்தான் தூங்குகிறது. நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வெளியே நின்றிருந்தேன்.

சீட்டு ஒன்று இணைத்திருக்கிறேன். உனக்கு முழங்கால் வலி, இந்தப் பருவம் முழுக்க விளையாட்டு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லா வீட்டிலும் எழுதுவதுதான். நூலகத்தில் உட்கார்ந்து படி. வம்பு வேண்டாம் கண்ணு.

அன்புடன் அப்பா

ராக்ஹாம்ப்டன்,
மார்ச் 19

அப்பா,

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஓடப் பிடிக்கும். நான் நூலகத்துக்குப் போனால் மைதானம் ஜோர்ஜாவுக்கு. பிப்பா தனியாக நிற்பாள்.

இன்று ஆள் எடுக்க ஆரம்பித்ததும் நடுமைதானத்தில் உட்கார்ந்தேன்.

"எந்திரி, டெல்லா."

"பேர் சொல்லி எடுக்காதீங்க சார். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிப் பிரிங்க. எந்திரிக்கிறேன்."

"கன்னுக்குட்டிக்குக் கால் வலிக்குதோ?" என்றாள் ஜோர்ஜா.

"வலிக்கல. எவ்வளவு நேரம் வேணா உக்காருவேன்."

பிப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ரூத். ஜோர்ஜா தன் அணிக்கு முதலில் கூப்பிட்ட பெண். மணி அடிக்கும்வரை மூவரும் எழவில்லை.

பள்ளியிலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள். முழங்கால் என்று சொன்னால் உடனே நம்புவார்கள். எல்லோருக்கும் அதுதான் வசதி. அப்படிச் சொன்னீர்களானால், ஈஸ்டருக்கு நான் வீட்டுக்கு வரவில்லை.

டெல்லா

பண்ணை,
மார்ச் 24

டெல்லா,

தலைமையாசிரியை தொலைபேசியில் பேசினார். மிக மரியாதையாக. "முழங்கால்ல ஏதாவது பிரச்சினையா? சீட்டு ஒண்ணு குடுத்தீங்கன்னா இதோட முடிச்சுக்கலாம்."

"காலுக்கு ஒண்ணுமில்லைங்க. பாவாடைய நனைச்சது யாருன்னு பேசலாம்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பெற்றோர் மட்டும் போதுமாம், நீ வகுப்பில் இருக்கலாமாம்.

"எனக்கு நெட்பால் தெரியாதுங்க. அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க. பிப்பாவுக்கும் ஒண்ணு" என்றேன்.

குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாடு ஓட்டிச் சேர்க்கும் வேலையைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். வியாழன் கிளம்புகிறேன். அந்த அறையில் நான் பேசப்போவதில்லை. நீ பேசி முடிக்கும்வரை யாரையும் எழுந்து போக விடப்போவதுமில்லை.

அப்பா