புருனேயில் எட்டு நாட்கள்

நெய்வேலி, 21ஆம் வட்டம்
12 ஜனவரி 2025

அன்புள்ள மணிமொழிக்கு,

உன் நிபந்தனைகளுக்குச் சம்மதம். போன் வேண்டாம், மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் மட்டும். அதுவும் பயணத்தைப் பற்றி மட்டும். மே மாதம் உன் கல்லூரி விடுமுறையில் எட்டு நாள் சேர்ந்து சுற்றுவோம். திரும்பிச் சென்னையில் இறங்கியதும், என்னோடு நெய்வேலிக்கு வருவதா, விடுதிக்கே போய்விடுவதா என்று நீ முடிவு செய்வாய்.

புருனே. சிதம்பரத்தில் படித்தபோது நூலக வரைபடத்தில் நீ விரல் வைத்த நாடு. கடலூர் மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்குதான். திட்டம் இணைத்திருக்கிறேன்.

அம்மா நலம். கொடியில் காயும் துணியெல்லாம் கரித்தூசி. நானும் நலம்.

உன்
ஹரி

*

கோயம்புத்தூர்
26 ஜனவரி 2025

ஹரி,

"6–2: கம்போங் ஆயர், தண்ணீர்மேல் கட்டிய வீடுகள். 2–10: ஆற்றில் படகு." இது பயணமா, ஷிஃப்ட் சார்ட்டா? நடுவில் பத்து நிமிடம் டீ வேறு. வாய்விட்டுச் சிரித்தேன். அறைத்தோழி செவ்வந்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, மாப்பிள்ளை லெட்டருங்களா?"

"பழைய மாப்பிள்ளதான். திருப்பியும் பாத்துக்கிட்டிருக்கேன்."

திருத்தங்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை தொழுகை நேரம், அங்கே எல்லாமே மூடியிருக்கும். நீ அருங்காட்சியகம் போட்டிருக்கிறாய். செரியா என்பது எண்ணெய் எடுக்கும் ஊர். ஒரு டவுன்ஷிப்பிலிருந்து கிளம்பி இன்னொரு டவுன்ஷிப்பா? ஒரு நாளையாவது காலியாக விடு.

மணிமொழி

*

நெய்வேலி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மணிமொழிக்கு,

வெள்ளியைத் திருத்திவிட்டேன். செரியா இருக்கட்டும். வீடுகளுக்கு நடுவிலேயே எண்ணெய் எந்திரங்கள் தலையாட்டிக்கொண்டு நிற்குமாம். பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாளைக் காலியாக விட்டேன். மறுநாள் பார்த்தால் அதில் மூக்கு நீண்ட குரங்குகள், என் கையெழுத்தில். அழித்தேன். இப்போது அங்கே ஒரு அருவி. காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாரோ டியூட்டிக்கு வராதது போல இருக்கிறது.

அம்மா அவள் ஊர்ப் பேச்சு மாறாமல் கேட்கிறாள்: "ஏல, பொண்டாட்டியக் கூப்பிடணும்னா கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டியதுதானல? எதுக்குல கடலத் தாண்டணும்?"

திட்டத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உன்
ஹரி

*

கோயம்புத்தூர்
2 மார்ச் 2025

ஹரி,

அத்தை கேட்டது நல்ல கேள்வி.

விதியை மீறி ஒன்று எழுதுகிறேன். அப்பா இறந்த அன்று மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில் உனக்காக மாலை ஐந்து மணி வரை எடுக்காமல் வைத்திருந்தார்கள். நீ வரவில்லை. ரிலீவர் வரவில்லை, அடுத்த ஆள் வராமல் சுரங்கத்துக் கன்வேயரை விட்டு நகர முடியாது என்றாய். அது உங்கள் விதி. நம்பினேன். துக்கம் கேட்க வந்தபோது உன் ஷிஃப்ட்டில் இருக்கும் பாவாடை அண்ணன்தான் சொன்னார்: "சாரு ஒரு வார்த்த கேட்டிருந்தா வேற ஆள அனுப்பிருப்பாங்கம்மா. அவரு கேக்கவே இல்ல."

அன்றுதான் பெட்டியை எடுத்தேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

வேறொன்றுக்கு எழுது. வெளிநாடு போக உங்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டுமே, கேட்டுவிட்டாயா? டிக்கெட் எடுக்க வேண்டும்.

மணிமொழி

*

நெய்வேலி
16 மார்ச் 2025

அன்புள்ள மணிமொழிக்கு,

ஐந்தாவது திட்டம் இத்துடன். டெம்புராங் காட்டுக்குக் கடல்மேல் முப்பது கிலோமீட்டர் பாலம். இங்கிருந்து கிளம்பினால் பண்ருட்டியைத் தாண்டிவிடலாம். கல்யாணமாகி மூன்று வருடத்தில், உன் வீட்டுக்குப் போனதைத் தவிர, நாம் சேர்ந்து போன அதிகபட்ச தூரம் பண்ருட்டி.

கேன்டீனில் எழுதிக்கொண்டிருந்தேன். "எழுதிக்கினே இருக்கீங்களே சார், எப்பதான் போவீங்க?" என்றார் பாவாடை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

உன்
ஹரி

*

கோயம்புத்தூர்
6 ஏப்ரல் 2025

ஹரி,

திட்டம் நன்றாக இருக்கிறது.

அனுமதி கேட்டாயா?

மணிமொழி

*

நெய்வேலி
13 ஏப்ரல் 2025

மணிமொழி,

கேட்கவில்லை.

படிவம் ஜனவரியிலிருந்து மேசையில் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். மறுத்துவிடுவார்கள் என்று பயமில்லை. கொடுத்துவிடுவார்கள். அப்புறம் போக வேண்டும். போனால் எட்டு நாளில் முடிந்துவிடும். சென்னையில் இறங்குவோம். நீ முடிவு சொல்வாய்.

திட்டம் போடும்வரை மாதத்துக்கு ஒருமுறை உன் கையெழுத்து வருகிறது. அதனால் இன்னொரு திட்டம் போட்டேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. உன் அப்பா இறந்த அன்றைக்கும் இப்படித்தான். கேட்டால் அனுப்பிவிடுவார்கள், அங்கே உன் முகத்தைப் பார்க்க வேண்டும், என்ன சொல்வதென்று தெரியாது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தேன்.

ஹரி

*

கோயம்புத்தூர்
4 மே 2025

அன்புள்ள ஹரி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இப்படி ஒரு வரியை நெய்வேலி வீட்டில் வைத்து நீ சொல்லியிருந்தால் நான் எங்கும் போயிருக்க மாட்டேன்.

பதினெட்டாம் தேதி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்றுதான். உன்மேல் கோபத்தில் அல்ல. போக வேண்டும் என்று எனக்கே இருக்கிறது, ஜனவரியிலிருந்து கால் நிலைகொள்ளவில்லை.

திரும்பி இந்த விடுதிக்குத்தான் வருவேன். முடிவு அது. அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்
மணிமொழி

*

நெய்வேலி
19 மே 2025

அன்புள்ள மணிமொழிக்கு,

இது விடுதியில் உனக்காகக் காத்திருக்கும். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

இன்று ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டில் பாதியில் கிளம்பினேன். வேறு ஆள் வேண்டும் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் அனுப்பினார்கள். நேராக அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தேன். தனகோடி என்ற குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எந்தத் தேதி போறீங்கன்னே போடல?"

"தெரியல சார்."

"அனுமதி வர மூணு வாரம் ஆவும், பரவால்லியா?"

"பரவால்ல சார்."

அதற்குள் நீ வந்துவிடுவாய் என்று தெரியும்.

"பயண நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதயும் காலியா வுட்டுட்டீங்க. சுற்றுலான்னு போட்டுக் குடுங்க, எல்லாரும் அதான் போடுவாங்க."

பேனாவை வாங்கினேன். 'என் மனைவி அங்கே இருக்கிறாள்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை வைத்தார்.

ஹரி