கண்ணில் பூத்த உப்பு

4.3.74, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. காற்று நன்று. நாலாம் பாத்தியில் உப்பு பூக்க ஆரம்பித்துவிட்டது.

வளையம் மெலிந்திருக்கிறது! நிச்சயம் மெலிந்திருக்கிறது! கைக்கண்ணாடியை எட்டப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்பு, முடி வெட்டப் போன இடத்தில் முதலில் கண்டது. கருவிழியைச் சுற்றி வெள்ளைக் கோடு, இரண்டு கண்ணிலும். வேறென்ன, உப்புதான். பாத்தியிலும் ஓரத்தில்தானே முதலில் பூக்கிறது? முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவன், எனக்குத் தெரியாதா! மழை விழுந்தால் உப்பு கரையும். ஆகவே தினம் மூன்று வேளை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவல். கரைகிறது!

யாருக்கும் சொல்லவில்லை. எந்தப் பாத்தியில் எப்போது உப்பு வாருவது என்று மேஸ்திரி நான் பார்த்துச் சொன்னால்தான் ஆட்கள் இறங்குவார்கள். கண் கோளாறு என்று தெரிந்தால் முதலாளி மறுநாளே என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார். அதனால் எவரிடமும் தலை குனிந்தே பேச்சு.

இன்று காதில் விழுந்தது, உப்பு சுமக்கும் பெண் ஒருத்தி: "மேஸ்திரிக்கு இன்னா திமிரு பாத்தியா, மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறாரு." பேசிக்கொள்ளட்டும்.

6.3, புதன்

புழுக்கம். நாளை பள்ளிக்கூடத்தில் கண் முகாம். பாண்டியிலிருந்து டாக்டர் வருகிறாராம். போவதா, வேண்டாமா?

மதியம் வீட்டில் ரகளை. என் சம்சாரம் அஞ்சலை கரண்டியைக் கீழே போட்டாள். "யோவ், ரெண்டு மாசமா என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கற. கிளியனூர்ல எவளையாச்சும் வெச்சிருக்கியா?"

சிரிப்புதான் வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப நிமிந்து பாரு."

முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மத்திக் குழம்பு வேறு. சாப்பிடவில்லை. கஷ்டம்தான்.

போகிறேன். என்ன ஆனாலும் சரி. எடுத்துப்போக: குடை, துண்டு, ஒரு பாட்டிலில் கண் கழுவுகிற தண்ணீர் (டாக்டர் கேட்டால் காட்ட).

7.3, வியாழன்

கா. 7-க்கே பெரிய வரிசை.

டாக்டர் ஓர் அம்மா, சின்ன வயசு. டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் ஒப்பித்தேன்: பாத்தி, ஓரம், மழை, பாட்டில். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உப்பு இல்லைங்க பெரியவரே, வயசு! கருவிழி ஓரத்துல கொழுப்பு படியுது. நெறைய பேருக்கு வரும். பார்வைய ஒண்ணும் பண்ணாது. கழுவினாலும் போகாது."

"மெலிஞ்சிருக்குதேம்மா?"

"மெலியல. உங்களுக்குத்தான் கிட்டத்துல சரியாத் தெரியல. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிப்போச்சு. அதுவும் வயசுதான். கிட்டப் பாக்கறதுக்குக் கண்ணாடி போட்டாப் போதும். உப்பளத்துக்குத் தாராளமாப் போங்க."

கண் போகாது! வேலை போகாது! அந்தம்மா காலில் விழாத குறை. மூக்கோரம் வெள்ளை விழியில் கொஞ்சம் சதை வளர்கிறதாம். அது வெயில் பட்டுப் பட்டு வருவது, தலைக்குத் துணி கட்டுங்கள் என்றார். கட்டுகிறேன், ஒன்றென்ன ஒன்பது கட்டுகிறேன்!

கண்ணாடி அங்கேயே கொடுத்துவிட்டார்கள். வரப்பு வழியே வரும்போது எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிமிர்ந்து பார்த்து விசாரித்தேன். பயந்து போனார்கள்.

வாசலில் அஞ்சலை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நேரே போய் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன். "பாருடி, இந்த வளையத்துக்குத்தான் ரெண்டு மாசமா ஒளிஞ்சேன்!"

அவள் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணிலும் அதே வெள்ளை வளையம். இரண்டிலும். என்னுடையதைவிடத் தடிப்பாக.

"ஏய், உனக்கும் இருக்குதுடி!"

"எனக்கு மூணு வருசமா இருக்குது," என்றாள். மீனை விட்டுக் கை எடுக்கவில்லை. "நீ பாத்தாத்தானே?"

மூன்று வருஷம்! தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு போட்டவள். நான் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.