ஜன்னலில் ஒட்டிய கடைசிப் பக்கம்

தூத்துக்குடி,
டிசம்பர் 1971

அன்புள்ள அண்ணனுக்கு,

எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். போர் விமானங்கள் வரலாம், வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்றார்கள். வீட்டிலிருந்த காகிதம் தீர்ந்ததும், அம்மா உன் பழைய போர்க்கால நாவலைக் கிழித்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிவிட்டாள். நான் அழவில்லை, நின்றுகொண்டே படித்தேன்.

உன் கப்பலிலிருந்து பதினேழு நாளாகக் கடிதம் இல்லை.

"ஏளா, கதையில கப்பலேறிப் போன மூத்தவன் வீட்டுக்கு வந்தானா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

"வந்துட்டாம்மா. ரெண்டு தட்டு சோறு தின்னான்."

"ஒங்க அண்ணன்னா மூணு தட்டு தின்பான்."

உண்மையில் கடைசிப் பக்கம் தெருவைப் பார்த்து ஒட்டியிருக்கிறது. வெளியே போனால் படித்துவிடலாம். நான் போகவில்லை. நீ வந்ததும் தெருவில் நின்று சேர்ந்து படிப்போம். அம்மாவிடம் நான் சொன்னதை நீதான் மெய்யாக்க வேண்டும்.

அபாயச் சங்கு ஊதுகிறது. அம்மா விளக்கை அணைக்க வருகிறாள்.

உன் தங்கை