கச்சான் களி

வியாழன், இரவு.

எச்.ஐ.வி. வந்த பேத்தி எலும்பும் தோலுமாகிவிட்டாள். சோறு கொடுத்தால் கக்குகிறாள். உடம்பு தேறக் கண்டி ஆஸ்பத்திரியில் தரும் கச்சான் களி, நிலக்கடலை அரைத்த சத்துப் பசை, இன்று ஒரு பாக்கெட்தான் கிடைத்தது. திங்கள் வரை வேறு இல்லை.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்த ஆமிக்காரன், வெடிமருந்தோ என்று அதைப் பிதுக்கிப் பார்த்தான். “யாருக்கு?”

பின்சீட்டில் பக்கத்து வீட்டுப் புஷ்பம். என் மகள் செத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவள். பேத்திக்கு என்றால் என்ன நோய் என்று அவன் கேட்பான்; அது இவளுக்குத் தெரிந்தால் தோட்டத்து லய வரிசையில் எங்களைக் குடியிருக்கவிடமாட்டாள்.

“எனக்குத்தாங்க, சத்துக்கு.”

“அப்ப நீயே தின்னு, பார்ப்போம்.”

அவன் பார்க்க முழுவதையும் தின்றேன்.

“கெழவிக்கு வந்த வாழ்வப் பாரு!” என்று புஷ்பம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“அம்மாயி, அது எனக்குத்தானே?” என்றாள் மடியிலிருந்த பேத்தி.

வாயை மூடட்டும் என்று தொடையைக் கிள்ளினேன். கிள்ள அங்கே சதை இல்லை.