எதிர்க்கதவு

மதினி,

கரி நெடி மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் மகள் தலைப்பிரசவத்துக்குக் கம்பம் வந்து ஆண் பிள்ளை பெற்றிருக்கிறாள். நீ கண்மூடிய பிறகு பெண் துணை இல்லாத வீடு என்று ஒத்தாசைக்கு நான் வந்திருக்கிறேன். பேரனைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா, மார்கழிக் குளிருக்குக் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்து சன்னலையும் இறுகச் சாத்திவிட்டார். வரிக்கு ஒரு தரம் எழுந்து போய் அதை விரற்கடை அளவு திறந்துவிட்டு வருகிறேன். நான் திரும்புவதற்குள் மறுபடி சாத்திவிடுகிறார்கள்.

அன்று இவளைப் பெற்று இதே அறையில் கிடந்தவள் நீ. பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் சன்னி கண்டுவிடும் என்று எங்கள் ஆத்தா சன்னல் சந்தில்கூடப் பழந்துணி திணித்திருந்தாள். உள்ளே கரி கனன்றது. பிள்ளை அழவே இல்லை. என்ன சமர்த்து என்று வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள், நானும்தான் மெச்சினேன். தலை கனக்கிறது என்று முனகிக்கொண்டிருந்த நீ, சட்டென்று சுவரைப் பிடித்து எழுந்து துணியைப் பிடுங்கி எறிந்தாய். ஆத்தா போட்ட கூப்பாட்டை நீ காதிலேயே வாங்கவில்லை.

"எதுத்த கதவையும் தொற தாயி. காத்து வந்தா மட்டும் பத்தாது, போக வழி வேணும்ல" என்றாய்.

திறந்தேன். மலைக்காற்று அறைக்குள் குறுக்கே பாய்ந்து போனது. உன் கையில் பிள்ளை துவண்டே கிடந்தாள். பிறகு வீரிட்டாள். ஆத்தா அமர்த்தப் போனாள். "அழுகட்டும் அத்தை. அழுதாத்தேன் பிள்ளை" என்று தடுத்தாய்.

அதற்குப் பிறகும் உனக்கு அடங்காப்பிடாரி என்றுதான் பேர். நீயும் சிரித்துக்கொண்டே போகிற வீட்டிலெல்லாம் சன்னலைத் திறந்து வைத்தாய். எனக்கு அந்தத் துணிச்சல் ஏது? சம்பந்தி வீட்டாரிடம் எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. இதோ, அந்தம்மா எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்: "பேரன் சமர்த்து. அழுகையே இல்ல."

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன், மதினி. இப்போதுதான் வந்து மிச்சத்தை எழுதுகிறேன். கணப்பை முந்தானையால் பிடித்துத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். சன்னலையும் எதிர்க்கதவையும் விரியத் திறந்தேன். "குளுருது அத்தை, சாத்துங்க" என்று சிணுங்கியது யார் தெரியுமா? அன்று அந்தக் காற்றால் பிழைத்த உன் மகளேதான். நான் பிள்ளையைத் தூக்கிச் சன்னலோரம் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் வீரிட்டான். சம்பந்தியம்மா பதறிக் கை நீட்டினார்.

"அழுகட்டும் சம்பந்தி" என்றேன். "அழுதாத்தேன் பிள்ளை."