பின்னால் நான் அசைந்தேனாம்

டெல்சி அப்பாவுக்கு,

களி கிண்டி மூடி வெச்சிருக்கேன், கீரை சட்டியில இருக்கு. டெல்சியை நானே பஸ்ஸுல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

நேத்து ஜூஜுவாடிகிட்ட பைக் லாரிப் பக்கம் இழுத்ததுக்கு, பின்னாடி நான் அசைஞ்சதுதான் காரணம்னு சொன்னீங்க. காலையில குனிஞ்சு பார்த்தேன். நீங்க செயினை டைட் பண்ணினப்ப பின்சக்கரம் கோணலா நின்னுடுச்சு. சக்கரத்து அச்சுகிட்ட ரெண்டு பக்கமும் இருக்கிற அளவுக் கோடு ஒண்ணா இல்ல. கம்பெனியில ஒரு நூல் பிசகினாலும் பீஸைத் திருப்பி அனுப்புற ஆளு நீங்க.

இன்னைக்குப் பின்னாடி நான் இல்ல. மெக்கானிக் கடை வரைக்கும் தனியா ஓட்டிப் பாருங்க. அப்பவும் இழுத்தா, அசைஞ்சது யாருன்னு சாயங்காலம் சொல்லுங்க.

அனிட்டா

வேணாம், ஓட்டாதீங்க. தள்ளிக்கிட்டே போங்க. யார் அசைஞ்சாங்கன்னு நீங்க சொல்லவே வேணாம்.